ஓப்பல்: நீர் தங்கிய இரத்தினம்

ஓப்பல் என்பது சிலிக்காவும் நீரும் சேர்ந்து இறுகிய இரத்தினக்கல். ஸ்படிகமும் சிலிக்காதான், ஆனால் ஸ்படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும், நீர் இராது. ஓப்பலில் அந்தப் படிக ஒழுங்கு இல்லை. எடையில் பெரும்பாலும் 3 முதல் 10 விழுக்காடு நீர் உண்டு. நவரத்தினங்களில் இதற்கு இடமில்லை. ஆயினும் சுக்கிரனுக்கு உரிய வைரத்தை வாங்க இயலாதவர்களுக்கு மாற்றாகச் சோதிடர்கள் ஓப்பலைச் சொல்வதால், திருவண்ணாமலை போன்ற கோயில் நகரங்களில் உருத்திராட்சம், ஸ்படிக மாலை வாங்குவோர் இக்கல்லையும் தேடுகிறார்கள். மாற்று என்ற அந்தச் சொல்தான் குழப்பத்தின் தொடக்கம். வைரத்தின் இடத்தில் அணியலாம் என்றால் வைரத்தைப் போலவே புழங்கலாம் என்று எண்ணிவிடுகிறோம். இதன் இயல்போ வைரத்துக்கு நேர் எதிரானது.

திருவண்ணாமலையின் அருணாசல மலைக் கருங்கல்லில் ஓப்பல் விளைவதில்லை. சிலிக்கா கரைந்த நீர் எரிமலைப் பாறையிலோ படிவுப் பாறையிலோ உள்ள இடுக்குகளில் இறங்கித் தங்கி, மெல்ல இறுகும்போதுதான் அது உருவாகிறது. சிலிக்கா நுண்கோளங்கள் ஒரே அளவில் வரிசையாக அமைந்தால் ஒளி சிதறி, கல்லைத் திருப்பத் திருப்ப நிறங்கள் மாறி மாறித் தோன்றும். 1964-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் இதைக் கண்டறிந்தார்கள். அந்நாட்டின் கூபர் பீடியில் வெண்ணிற ஓப்பலும், லைட்னிங் ரிட்ஜில் கரிய ஓப்பலும் கிடைக்கின்றன. 2008-இல் எத்தியோப்பியாவின் வொல்லோ பகுதியில் பெரும் படிவம் தெரியவந்த பின், குறைந்த விலைக்கு நல்ல நிறமுள்ள கற்கள் சந்தைக்கு வந்தன. இன்று வாங்குவோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, கல் எந்த நாட்டது என்பதே.

காரணம், எத்தியோப்பியக் கற்களில் பெரும்பாலானவை நீரை உறிஞ்சும். நீரில் இட்டால் கண்ணாடிபோல் தெளிந்து நிறவிளையாட்டு மங்கும். காய்ந்தால் பொதுவாகத் திரும்பும். நீரை உறிஞ்சிய கல்லின் எடையும் கூடும் என்பதால் ஈரமான கல்லை நிறுத்து வாங்கக் கூடாது. இங்கேதான் நம் வழக்கம் இடிக்கிறது. இராசிக்கல்லை அணியுமுன் பாலிலும் மஞ்சள் நீரிலும் ஊறவைத்துச் சுத்தி செய்வது பலர் வீட்டு முறை. வைரமும் மாணிக்கமும் அதைத் தாங்கும். நுண்துளை நிறைந்த ஓப்பலோ பாலின் கொழுப்பையும் மஞ்சளின் நிறத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனது முழுவதும் வெளியே வராமலும் போகலாம். சடங்கைக் கைவிடச் சொல்வதா என்று கேட்பவர் உண்டு. அது தேவையில்லை. கல்லைச் சன்னிதியில் வைத்து எடுக்கலாம், மலரும் அட்சதையும் இட்டு வணங்கலாம். சடங்கில் ஊறவைத்தல் ஒன்றுதான் கல்லுக்குக் கேடு. சட்டென மாறும் வெப்பமும் அப்படியே. உலர்ந்து சுருங்கும் ஓப்பலில் மயிரிழை விரிசல்கள் ஓடும். கடினத்தன்மை மோஸ் அளவில் 5.5 முதல் 6.5 வரையே. தெருப்புழுதியில் உள்ள குவார்ட்சின் அளவு 7. எனவே தினமும் அணிய மோதிரத்தைவிடப் பதக்கமே இக்கல்லுக்கு ஏற்றது.

போலிகள் புதியவை அல்ல. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியர் பிளினி, ஓப்பல் அளவுக்குக் கண்ணாடியில் அச்சாகப் போலி செய்யப்படும் கல் வேறில்லை என்றும், வெயிலில் பிடித்துப் பார்த்தே அதை அறியலாம் என்றும் எழுதினார். மதுரை இரத்தினக் கடைத்தெருவைக் காட்டும் சிலப்பதிகாரமும் கற்களின் குற்றங்களைக் கண்ணால் கண்டு விலக்கியதைச் சொல்கிறது. இன்று ‘ஓப்பலைட்’ என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் பால்நிறக் கண்ணாடி. அதில் நீலச்சாயல் மட்டும் தெரியும், நிறத்துண்டுகள் மாறி மாறி வரா. மெல்லிய ஓப்பல் தகட்டைக் கரிய அடிக்கல்லில் ஒட்டியது இரட்டை. மேலே தெளிந்த மூடி சேர்த்தால் மும்மை. பக்கவாட்டில் பார்த்தால் ஒட்டிய கோடு நேராகத் தெரியும். கல் தோலில் படவேண்டும் என்று மோதிரத்தின் அடியைத் திறந்து கட்டும் நம் முறை இங்கே பெரிய துணை: பின்புறத்தைப் பார்த்துவிடலாம். அடி மூடிய நகையில் அது முடியாது.

பரிகாரத்துக்கு நிறம் வேண்டியதில்லை, இயற்கைக் கல்லாக இருந்தால் போதும் என்பது இன்னொரு வாதம். அப்படியானால் நிறவிளையாட்டு இல்லாத சாதாரண ஓப்பலை மலிவாக வாங்கலாமே. நிறத்துக்கான விலையை ஏன் கொடுக்கவேண்டும்? அந்த வாதப்படியே கண்ணாடியும் விலக்கப்படவேண்டியதுதான். 916 என்ற ஹால்மார்க் முத்திரையைக் காட்டிக் கல்லுக்கும் உறுதி சொன்னால் ஏற்கக் கூடாது. அது தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே சான்று. எடையைச் சொல்லும் ரத்திக் கணக்கு கடைக்குக் கடை மாறும். காரட் எங்கும் 200 மில்லிகிராம்தான். விலை உயர்ந்த கல்லானால் மும்பை, ஜெய்ப்பூர் ஆய்வுக்கூடங்களின் அறிக்கை கேளுங்கள். எல்லாக் கல்லுக்கும் அறிக்கை வாங்க இயலாது என்பது உண்மை. சிறிய கல்லுக்கு ரசீது போதும். ஆனால் அதில் ‘இயற்கை ஓப்பல், ஒட்டுக்கல் அன்று’ என்பதையும், நாடு, காரட் எடை ஆகியவற்றையும் கடைக்காரர் கையால் எழுதி வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.