கர்ப்ப கால இரத்த அழுத்தம்: காரணம் நஞ்சுக்கொடியில் இருக்கலாம்

கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் ஏறினால், "உப்பைக் குறை, கோபப்படாதே" என்ற பேச்சுதான் வீட்டில் முதலில் எழும். ஆனால், 20 வாரத்திற்குப் பிறகு புதிதாக அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதமும் காணப்பட்டால் மருத்துவர்கள் அதைப் பிரீஎக்லாம்சியா என்பார்கள். அதன் வேர் பெரும்பாலும் நஞ்சுக்கொடியில் இருக்கிறது.

குழந்தைக்கு உணவும் பிராணவாயுவும் நஞ்சுக்கொடி வழியாகவே போகின்றன. கர்ப்பத்தின் முதல் பாதியில் நஞ்சுக்கொடியின் செல்கள் கர்ப்பப்பையின் சிறிய இரத்தக் குழாய்களுக்குள் சென்று அவற்றை அகலப்படுத்தும். சிலருக்கு இந்த வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. போதிய இரத்தம் கிடைக்காத நஞ்சுக்கொடி, சில புரதங்களைத் தாயின் இரத்தத்தில் அளவுக்கு மீறிக் கலக்கிறது. அவை இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கின்றன. அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகம், கல்லீரல், மூளையும் பாதிக்கப்படலாம்.

குழந்தை உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் திராட்சைக் குலைபோல் பெருகும் 'முத்துப்பிள்ளை' கர்ப்பத்திலும் இந்நோய் வரலாம். நஞ்சுக்கொடியின் பங்கை இதுவே காட்டுகிறது. ஆகவே, தாயைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

முதல் கர்ப்பம், இரட்டைக் குழந்தை, 40 வயதுக்கு மேல் கர்ப்பம், உடல் பருமன், நீரிழிவு, சிறுநீரக நோய், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இந்நோய் வந்திருப்பது ஆகியவை ஆபத்தைக் கூட்டும். இத்தகையவர்களுக்கு 12 வாரம் முதல் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பதுண்டு. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கடையில் வாங்கிச் சாப்பிடக்கூடாது. கர்ப்பம் தெரிந்தவுடன் கிளினிக்கில் பதிவது இதனால்தான் முக்கியம்.

தொடக்கத்தில் உடம்பில் ஒன்றும் தெரியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். 160/110 என்றால் அவசரம். கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தோட்டத்திலிருந்து கிளினிக் தூரமென்றாலும் பரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

நஞ்சுக்கொடி வெளியேறுவதே இதற்குத் தீர்வு. எனினும், பிரசவத்திற்குப் பிந்திய நாட்களிலும் வலிப்பு வரலாம். பிள்ளை பெற்றவள் தலைவலி என்றால் தைலம் தேய்த்துப் படுக்க வைக்காமல், முதலில் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள்.