கோதுமை வயலின் களையும் ஐம்பது ஆண்டு வழக்கும்

1956இல் பல்கேரியாவின் விராட்சா வட்டாரத்து மருத்துவர்கள் விளங்காத சிறுநீரக நோயொன்றைப் பதிவுசெய்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் செர்பியா, குரோவேசியா, பொஸ்னியா, ருமேனியா என டான்யூபின் கிளையாறுகள் பாயும் பால்கன் நிலமெங்கும் அதே நோய் இருப்பது தெரியவந்தது. நடுவயது விவசாயிகளின் சிறுநீரகங்கள் ஓசையில்லாமல் சுருங்கிச் செயலிழந்தன. பலருக்குச் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயில், மற்ற நாடுகளில் அரிதாகவே காணப்படும் புற்றுநோயும் வந்தது. ஓர் ஊரில் வீட்டுக்கு வீடு நோயாளிகள், பக்கத்து ஊரில் ஒருவரும் இல்லை. ஒரே குடும்பத்தில் பலரைத் தாக்கியதால் பரம்பரை நோய் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் அதற்கு இரையானார்கள். ஆகவே காரணம் ரத்தத்தில் மட்டும் இல்லை, ஊரிலும் ஏதோ இருந்தது.

அது என்ன என்பதில் அரைநூற்றாண்டுக் காலம் வழக்கு நடந்தது. சேமித்த தானியத்தில் பூக்கும் பூஞ்சையின் நச்சு என்றனர் சிலர். பழுப்பு நிலக்கரிப் படிவுகளின் வழியே ஊறிவரும் கிணற்றுநீர் என்றனர் வேறு சிலர். வைரஸ், கன உலோகம் என்ற வாதங்களும் எழுந்தன. 1969இல் இவிச் என்ற ஆய்வாளர் கோதுமை வயலைச் சுட்டிக்காட்டினார். நம் ஆடுதீண்டாப்பாளையின் இனமான அரிஸ்டோலோகியா கிளமடிடிஸ் அங்கே களையாக மண்டிக்கிடந்தது. கோதுமை முற்றும்போதே அதன் விதையும் முற்றும். இரண்டும் சேர்ந்தே அறுபட்டு, அரைபட்டு, ரொட்டியாகும். வாதம் நேர்த்தியானதுதான். ஆனால் பல்லாண்டுகளுக்கு முன் தின்ற ரொட்டியை எந்த ஆய்வுக்கூடத்தில் நிறுத்தி விசாரிப்பது? சான்று கிடைக்காததால் அந்தக் கருத்து ஓரத்தில் கிடந்தது.

அதை மீட்டெடுத்தது பிரஸ்ஸல்ஸ் நகரம். 1990களின் தொடக்கத்தில், அங்கே உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட இளம்பெண்களின் சிறுநீரகங்கள் திடீரெனச் செயலிழந்தன. மாத்திரையிலிருந்த சீன மூலிகைகளோடு இதற்குத் தொடர்பு இருப்பதாக வான்ஹெர்வெகம் குழுவினர் 1993இல் அறிவித்தார்கள்; சேர வேண்டிய ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா பாங்ச்சி கலந்திருந்தது பின்னர் தெரியவந்தது. முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகங்களை அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோய் இருந்தது 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் தெரிந்தது. திசுவின் சிதைவு பால்கன் விவசாயிகளுடையதை அப்படியே ஒத்திருந்தது. ஆனாலும் ஒற்றுமை வேறு, நிரூபணம் வேறு.

நிரூபணம் டிஎன்ஏவில் இருந்தது. இச்செடியின் அரிஸ்டோலோகிக் அமிலம் உடலுக்குள் உருமாறி, டிஎன்ஏவின் அடினைன் எழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. உயிரணுவின் பழுதுநீக்கும் அமைப்பு அதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. சிறுநீரகத் திசுவில் அந்த ஒட்டு பல்லாண்டுகள் நீடிக்கிறது. பிரதியெடுக்கும்போது அவ்விடத்தில் அடினைனுக்குப் பதில் தைமைன் வந்து உட்காருகிறது. மனிதப் புற்றுநோய்களில் பொதுவாக அருகியே தென்படும் மாற்றம் இது. நியூயார்க்கின் கிரோல்மனும் குரோவேசியாவின் யெலாகோவிச்சும் அடங்கிய குழு 2007இல் பால்கன் நோயாளிகளின் சிறுநீரகத்தில் அந்த ஒட்டையும், கட்டிகளின் டிபி53 மரபணுவில் அந்த மாற்றத்தையும் காட்டியது. 2013இல் தைவான் நோயாளிகளின் கட்டிகளில் புரதம் ஆக்கும் மரபணுப் பகுதிகள் முழுவதும் வாசிக்கப்பட்டபோது, புகையிலையும் வெயிலும் உண்டாக்குவதைவிட அதிக எண்ணிக்கையில் இதே மாற்றம் சிதறிக்கிடந்தது. அதே ஆண்டு ஆயிரக்கணக்கான புற்றுநோய்களை அலசிய ஆய்வொன்று, ஒவ்வொரு கேடும் தனக்கே உரிய பிறழ்வுத் தடத்தை விட்டுச்செல்லக்கூடும் என்பதை விரிவாகக் காட்டியது. இவிச்சுக்குக் கிடைக்காத சான்று நோயாளிகளின் உடலிலேயே இருந்தது; அதைப் படிக்கும் கருவிதான் அன்று இல்லை.

தடம் என்பது கணக்கால் பிரித்தெடுத்த வடிவம்தானே, அதை வைத்து ஒரு செடியைக் குற்றவாளியாக்கலாமா என்று கேட்பது நியாயம்தான். சில தடங்கள் ஒன்றோடொன்று குழம்பக்கூடியவை. சிலவற்றுக்குக் காரணமே தெரியாது. இங்கே தீர்ப்பு கணக்கை மட்டும் நம்பியதல்ல. திசுவில் வேதிப்பொருளின் ஒட்டு, ஆய்வுக்கூடத்தில் அமிலம் தீண்டிய உயிரணுக்களில் அதே மாற்றம், வயலில் களை என மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தன. ஆனால் தடத்துக்கும் எல்லை உண்டு. நச்சு உடலுக்குள் வந்ததை அது சொல்லும். ரொட்டியில் வந்ததா, கஷாயத்தில் வந்ததா என்று சொல்லாது. நோய்ப்பகுதிக்கு வெளியே உள்ள ருமேனியர்களின் சிறுநீரகப் புற்றிலும் இத்தடம் தென்பட்டது அந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. மேலும், தடம் இருப்பதாலேயே அந்த நச்சுதான் புற்றை உண்டாக்கியது என்றும் ஆகாது. தைவானில் 98 கல்லீரல் கட்டிகளில் 78 விழுக்காட்டில் இத்தடம் இருந்ததாக 2017இல் வெளியான ஆய்வு சொன்னது. ஹெபடைடிஸ் பி பரவலாக உள்ள அம்மண்ணில் இரண்டின் பங்கையும் பிரித்துச் சொல்வது எளிதல்ல.

இதைவிட ஆழமான மறுப்பு இன்னொன்று. கிரேக்க மருத்துவர்கள் பேறுகாலத்தில் கொடுத்த செடி இது. சீன மருத்துவத்தில் இதன் இனங்களுக்கு நீண்ட இடமுண்டு. சித்த மருத்துவத்தில் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் பூச்சிக்கடிக்கும் பாம்புக்கடிக்கும் தோல்நோய்க்கும் பேர்பெற்றவை. கெடுதல் உண்டென்றால் ஈராயிரம் ஆண்டு அனுபவம் அதைக் கண்டிருக்காதா? அனுபவத்தை இழிவுபடுத்தாமலே இதற்குப் பதில் சொல்லலாம். மருந்து கொடுத்த அன்றும் மறுவாரமும் நடப்பதை மரபு கூர்ந்து பார்த்தது. வாந்தி, பேதி, வலி தணிதல் எல்லாம் அதன் கண்ணுக்குத் தப்பவில்லை. ஆனால் இருபது ஆண்டு கழித்து, வலியே இல்லாமல் சுருங்கும் சிறுநீரகத்தை அன்று குடித்த கஷாயத்தோடு முடிச்சுப்போட எந்த வைத்தியராலும் முடிந்திருக்காது. நவீன மருத்துவமே, ஏராளமான ஆய்வாளர்களும் ஆய்வுக்கூடங்களும் இருந்தும், டான்யூப் கரையில் ஐம்பது ஆண்டு தடுமாறியது. குடித்த எல்லாருக்கும் நோய் வருவதில்லை என்பதும் தொடர்பை மறைத்தது.

ஆகவே நெடுங்காலப் பயன்பாடு என்பது உடனடிக் கேட்டுக்கு எதிரான நல்ல சான்று. தாமதக் கேட்டைப் பற்றி அது மௌனம் சாதிக்கிறது. அந்த மௌனத்தை நற்சான்றாக எடுத்துக்கொள்வதுதான் பிழை. அரிஸ்டோலோகியா அடங்கிய மூலிகை மருந்துகள் மனிதருக்குப் புற்றுண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இலேயே வகைப்படுத்திவிட்டது. தைவான் 2003இல் தடைவிதித்தது. பழைய மருந்துச் சுவடிகளை இனி வாசிக்கும்போது, இவ்வினச் செடிகளுக்கு எதிரே எழுதப்பட்ட குணங்களுக்குப் பக்கத்தில், அவற்றை எழுதியவர் காணவே இயலாத இந்தக் குற்றத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.