காத்திருப்பும் கைப்பொருளும்

நாளைய நன்மைக்காக இன்றைய இன்பத்தைத் துறப்பதே தன்னடக்கம் எனப்படும். அதனை மக்கள் போற்றிவந்தமை மிகப் பழைய வழக்கம். ஆயின், தன்னடக்கம் உடையோர் செல்வராயினர், இல்லாதோர் வறியராயினர் என்னும் கோட்பாடு அத்துணைப் பழையதன்று. கைத்தொழிற் புரட்சி கண்ட இங்கிலாந்திலேயே அது திட்டவட்டமான வடிவம் பெற்றது. 1836இல் நசோ சீனியர் என்ற பொருளியலாளர், முதலாளி தம் செல்வத்தை உடனே நுகராது ஒதுக்கிவைத்த துறவுக்குக் கிடைக்கும் கைம்மாறே இலாபம் என எழுதினார். அடுத்த ஆண்டிலேயே, ஆலைகளில் வேலைநேரத்தைக் குறைத்தல் கூடாது, தேறிய இலாபம் இறுதி மணித்தியாலத்திலேதான் பிறக்கின்றது என வாதிட்டவரும் இவரே. துறவு முதலாளிக்கு, இறுதி மணித்தியாலம் தொழிலாளிக்கு! மார்க்ஸ் ‘மூலதன’த்தில் இவரை எள்ளி நகையாடியதில் வியப்பில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வுபதேசம் உளநூலின் ஆடையை அணிந்துகொண்டது. அதற்குக் காரணமான ஆய்வாளரைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. வோல்ரர் மிஷெல் 1930இல் வியன்னாவிற் பிறந்தவர். 1938இல் நாசிகள் ஒஸ்திரியாவைக் கைப்பற்றியபின் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றவர். ஐம்பதுகளில் அவர் திரினிடாட் தீவிலே ஆபிரிக்க வம்சாவளிச் சிறுவரிடமும் இந்திய வம்சாவளிச் சிறுவரிடமும் ஒரு தெரிவை முன்வைத்தார். சிறிய இனிப்பு இன்றே வேண்டுமா, பெரிய இனிப்பு அடுத்த வாரம் வேண்டுமா? இன இயல்பு பற்றிய கதைகள் அங்கு ஏராளமாக வழங்கின. ஆயினும், தந்தை வீட்டில் உள்ளாரா இல்லையா என்பது சிறுவரின் தெரிவோடு தொடர்புற்றிருத்தலை அவர் 1958இல் எடுத்துக்காட்டினார். வாக்களிப்பவன் வாக்கைக் காப்பானா என்ற ஐயம் இவ்வாராய்ச்சியின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பின்னர் அறுபதுகளின் இறுதியில், ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் பாலர் பாடசாலையில் புகழ்பெற்ற பரிசோதனை நடைபெற்றது. பிள்ளையின் முன் மார்ஷ்மெலோ என்னும் பஞ்சு போன்ற இனிப்பு வைக்கப்படும். ஆய்வாளர் திரும்பிவரும்வரை, ஏறக்குறைய பதினைந்து நிமிடம், பொறுத்திருந்தால் இரண்டு கிடைக்கும். இனிப்பு கண்ணுக்கு மறைவாக இருந்தபோது பிள்ளைகள் நெடுநேரம் பொறுத்தனர். அதனை முகிலாகப் பாவனை செய்தோரும் அவ்வாறே. அடக்கம் பிறவிக்குணமன்று, பயிலக்கூடிய உத்தி என்பதே மிஷெல் கண்ட உண்மை. அப்பிள்ளைகளிற் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குடும்பத்தினர் என்பதையும் மறத்தலாகாது.

1990இல் வெளிவந்த கட்டுரை, பொறுத்திருந்த பிள்ளைகள் வளர்ந்தபின் பரீட்சையிலும் சிறந்தனர் என்றது. பரீட்சைப் புள்ளிகள் கிடைத்தோர் நூறு பேருக்கும் குறைந்தவரே. எனினும் சிறு பொறி காட்டுத்தீயாயிற்று. ‘மார்ஷ்மெலோவைத் தின்னாதே’ என்று பொறித்த சட்டைகள் அமெரிக்கப் பள்ளி மாணவருக்கு வழங்கப்பட்டன. ஏழைப்பிள்ளை கல்வியில் பின்தங்குவதற்குக் காரணம் அவன் மனத்தின் உறுதியின்மையே என்றால், பள்ளிக்கூடத்தின் கூரையைப் பற்றி எவரும் பேச வேண்டியதில்லை அன்றோ? முன்னேற்ற அறிக்கையில் ‘கட்டுப்பாடு போதாது’ என்று எளிதாக எழுதிவிடும் ஆசிரியர்களாகிய நாமும் இதனைச் சிந்தித்தல் தகும்.

றொசெஸ்ரர் பல்கலைக்கழகத்தில் நடந்து, 2013இல் அச்சில் வெளிவந்த சோதனை சிறியது, ஆனால் கூர்மையானது. மூன்று முதல் ஐந்து வயதுவரையான 28 பிள்ளைகள். முதலில் அவர்களுக்குத் தேய்ந்துபோன வர்ணக் குச்சிகள் கொடுக்கப்பட்டன. காத்திருந்தால் புதியவை வரும் என்று சொல்லப்பட்டது. ஒரு பாதியினருக்கு அவை வந்தன. மறுபாதியினரிடம் ஆய்வாளர் வெறுங்கையோடு வந்து, இல்லையெனக் கூறி மன்னிப்புக் கேட்டார். அதன்பின்னரே இனிப்பு வைக்கப்பட்டது. வாக்குக் காக்கப்பட்ட பிள்ளைகள் சராசரி 12 நிமிடம் காத்தனர். அவர்களுள் 14 பேரில் 9 பேர் இறுதிவரை பொறுத்தனர். ஏமாற்றப்பட்டோர் காத்தது சராசரி 3 நிமிடமே. இறுதிவரை பொறுத்தவர் ஒருவர் மாத்திரம். இப்பிள்ளைகளை அடக்கமற்றோர் என்பதா, அறிவுடையோர் என்பதா? தருவதாகச் சொன்னது வராத வீட்டில், கையிலுள்ளதை உடனே உண்பதே நியாயமான தீர்மானம் என நாம் கருதுகின்றோம்.

2018இல், அவ்வாண்டே மிஷெலும் மறைந்தார், தொளாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் சிறுவர் பற்றிய பரந்த ஆய்வொன்று வெளிவந்தது. பொறுமைக்கும் பிற்காலப் பரீட்சைத் தேர்ச்சிக்குமிடையே அதிற் காணப்பட்ட தொடர்பு, முன்னர் கூறப்பட்டதன் பாதியளவே. குடும்பப் பின்னணி, பிள்ளையின் ஆரம்ப ஆற்றல் முதலியவற்றைக் கணக்கிற் கொண்டதும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோயிற்று.

வளர்ந்தோர் நிலையும் வேறன்று. தமிழகத்தின் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சிலர் ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். கரும்புக்குப் பணம் வெட்டு முடிந்தபின் மொத்தமாக வரும். அதற்கு முந்திய மாதங்கள் அடகும் கடனுமாகக் கழியும். ஒரே விவசாயிக்கே அறுவடைக்கு முன்னும் பின்னும் சிந்தனைத் திறனையும் கவனக் கட்டுப்பாட்டையும் அளக்கும் சோதனைகள் வைக்கப்பட்டன. அறுவடைக்கு முன், அடகுச்சீட்டு மடியில் இருந்த காலத்தில், அவர் குறைந்த புள்ளி பெற்றார். கடன் அடைத்தபின் அவரே கூடுதலாகப் பெற்றார்.