வளர்வீத வருமான வரி

வளர்வீத வருமான வரி என்பது வருமானம் உயர உயர வரிவீதமும் உயரும் வகையில் அமைந்த நேர்முக வரி ஆகும். அனைவரிடமும் ஒரே வீதத்தில் பெறப்படுவது விகித வரி எனவும், குறைந்த வருமானம் உடையோர் தம் வருமானத்தில் கூடிய பங்கைச் செலுத்த நேர்வது தேய்வீத வரி எனவும் அழைக்கப்படுகின்றன. செலுத்தும் திறனுக்கேற்ப வரி விதிக்கப்பட வேண்டும் என்னும் கொள்கையே வளர்வீத வரியின் அடிப்படையாகும்.

செயற்படும் முறை

வருமானம் பல படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் தனி வீதம் விதிக்கப்படுகிறது. ஒரு படியின் வீதம் அப்படியில் அடங்கும் தொகைக்கு மட்டுமே பொருந்தும். முழு வருமானத்துக்கும் அன்று.

எடுத்துக்காட்டாக, இந்தியாவின் புதிய வரிமுறையில் 2025-26 நிதியாண்டுக்கு முதல் 4 இலட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 4 இலட்சத்துக்கும் முறையே 5, 10, 15, 20, 25 விழுக்காடும், 24 இலட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 30 விழுக்காடும் விதிக்கப்பட்டன. வரிக்குரிய வருமானம் 30 இலட்சம் எனின், செஸ் நீங்கலாக வரி 4,80,000 ரூபாய் ஆகும். இங்கு இறுதிநிலை வீதம் 30 விழுக்காடு. சராசரி வீதம் 16 விழுக்காடு மட்டுமே.

இந்தியாவில் வரலாறு

இந்தியாவில் வருமான வரியை 1860 இல் ஜேம்ஸ் வில்சன் அறிமுகப்படுத்தினார். 1970களின் தொடக்கத்தில் உச்ச வீதம், மேல்வரி உட்பட, 97.75 விழுக்காடாக இருந்தது. மிகை வீதமே வரி ஏய்ப்புக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று எனக் கருதிய வாஞ்சூ குழு, அதனை 75 விழுக்காடாகக் குறைக்க 1971 இல் பரிந்துரைத்தது. 1974 இல் அது 77 விழுக்காடாகவும், 1985 இல் 50 விழுக்காடாகவும், 1997 இல் 30 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது. பின்னர் உயர் வருமானத்தினர் மீது மேல்வரி மீண்டும் விதிக்கப்பட்டது.

வளர்வீதத் தன்மையைக் கூட்டும் வழிகள்

உச்ச வீதத்தை உயர்த்துதல் ஒரு வழி. ஆயினும் எவ்வகை வருமானம் வரிக்கு உட்படுகிறது என்பதும் அதே அளவு முதன்மையானது. இந்தியாவில் வேளாண் வருமானத்துக்கு, அதன் அளவு எதுவாயினும், நடுவண் அரசின் வருமான வரி இல்லை. 1973 முதல் பிற வருமானத்துக்கான வரியைக் கணக்கிடும்போது மட்டும் அது சேர்த்துக்கொள்ளப்படுகிறது. பட்டியலிடப்பட்ட பங்குகளின் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 2024 சூலை முதல் 12.5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. இதனால் பெரும் செல்வர் ஒருவரின் சராசரி வரிவீதம், உயர் ஊதியம் பெறும் ஊழியரின் வீதத்தை விடக் குறைவாக அமையக்கூடும். இத்தகைய விலக்குகளைக் குறைத்தல், வீதத்தை உயர்த்தாமலே வரியை மேலும் வளர்வீதமாக்கும்.

வரம்புகள்

வருமான வரி வளர்வீதமாக இருப்பினும், மொத்த வரி அமைப்பு அவ்வாறு இருக்கும் எனக் கூற இயலாது. சரக்கு மற்றும் சேவை வரி போன்ற மறைமுக வரிகளை ஒரே பொருளுக்குச் செல்வரும் வறியவரும் ஒரே வீதத்தில் செலுத்துகின்றனர். வருமானத்தின் பெரும்பகுதியை நுகர்வில் செலவிடும் வறியோரின் மீது அச்சுமை கூடுதலாக விழுகிறது.