ஈயத்தாளும் காட்போட் பெட்டியும்

போன வருஷம் தேயிலையையும் சவர்க்காரத்தையும் ஒரே காட்போட் பெட்டியில் தங்கச்சிக்கு அனுப்பினேன். "நானா, தேத்தண்ணி சோப்பு மணக்குது" என்றாள்!

நம்ம ஊர் வீடுகளில் உடுப்பு வைத்த பழைய தேயிலைப் பெட்டி ஞாபகமா? ஒட்டுப்பலகை, ஓரத்தில் தகரம், உள்ளே ஈயத்தாள். தேயிலை ஈரத்தையும் வாசத்தையும் இழுக்கும்; அதைத் தடுக்கத்தான் ஈயம். பிறகு அலுமினியத்தாள், கடைசியில் கடதாசிச் சாக்கு.

காட்போட் வேறு கதை. 1856இல் இங்கிலாந்தில் தொப்பிக்கு உள்வரி போடத்தான் நெளிதாளுக்குக் காப்புரிமை எடுத்தார்கள். 1871இல் நியூயோர்க்கில் அல்பர்ட் ஜோன்ஸ் அதையே போத்தல் சுற்றப் பயன்படுத்தினார். நெளிவு செங்குத்தாக நின்றால்தான் பாரம் தாங்கும். ஈரம் பட்டால் துவண்டுவிடும். நம்ம பனிக்கு அது போதாதா?

அதனால் தூளை முதலில் தகட்டு உறையில் இறுக்கி மூடுங்கள். கொஞ்சமென்றால் மூன்று தாள் பெட்டி, பாரமென்றால் ஐந்து தாள். சவர்க்காரம் தனியாக.