நீற்றுதல்

நீறு என்றால் சாம்பல், பொடி, சுண்ணாம்பு. திருநீறும் நீறுபூத்த நெருப்பும் இச்சொல்லின் வழக்குகளே. ‘நீறு’ வினையாகும்போது பொடியாதல். ‘நீற்று’ அதன் பிறவினை. மாறு–மாற்று போல.

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் இட்டுச் சுமார் 900 டிகிரி செல்சியசில் சுட்டால், கால்சியம் கார்பனேட்டிலிருந்து கரியமில வாயு வெளியேறி, கால்சியம் ஆக்சைடு எஞ்சும். தூய கல் 100 கிலோ எனில் கிடைப்பது 56 கிலோ. 44 கிலோ வாயுவாகப் போய்விடும். அதனால்தான் சுட்ட கல் கையில் எடுத்தால் லேசாக இருக்கிறது. அதில் நீர் தெளித்தால் சீறிக் கொதித்து, ஆவி கிளப்பி, வெண்பொடியாக உதிரும்.

காளவாய்க்கு ‘நீற்றறை’ என்றும் பெயர். திருநாவுக்கரசரை ஏழு நாள் அடைத்து வைத்ததாகப் பெரியபுராணம் சொல்வது இதில்தான்.

அகராதியில் ‘நீற்று’ சுடுவதையும் குறிக்கும், நீர்விட்டுப் பொடியாக்குவதையும் குறிக்கும். பாடநூல் வழக்கு இரண்டையும் பிரித்துவிட்டது: சுட்ட சுண்ணாம்பு என்றால் கால்சியம் ஆக்சைடு, நீற்றிய சுண்ணாம்பு என்றால் கால்சியம் ஹைட்ராக்சைடு. எழுதும்போது இந்த வேறுபாட்டைக் காப்பதே நல்லது.