எழுதாமல் விட்ட ஒரு வரி

எங்கள் கோவிந்தாபுரத்தில் செக்போஸ்ட் தாண்டினால் தமிழ்நாடு. அந்தப் பக்கத்து வழக்குகளெல்லாம் எங்கள் டீக்கடைக்கும் வந்துவிடும். இங்கே வெளிநாட்டில் எரால் மோரிஸின் 'தின் ப்ளூ லைன்' (1988) ஆவணப்படம் பார்த்தபோது, பேரறிவாளன் வழக்குதான் ஞாபகம் வந்தது. அந்தப் படம் வந்த மறுவருடமே, செய்யாத கொலைக்காக 12 வருடம் உள்ளே கிடந்த ராண்டால் ஆடம்ஸ் தண்டனை ரத்தாகி வெளியே வந்தார்.

நம்மிடமும் ஒரு படம் உண்டு நண்பர்களே, 'உயிர்வலி' (2013). 1991-ல் ராஜீவ் கொலை வழக்கில் கைதானபோது பேரறிவாளனுக்கு 19 வயது. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கித் தந்தார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. போலீசிடம் தந்த வாக்குமூலம் சாதாரணமாகக் கோர்ட்டில் செல்லாது, அன்றைய தடா சட்டத்தில் செல்லுபடியானது. 1999-ல் உச்ச நீதிமன்றம் தடா குற்றங்கள் நிரூபணமாகவில்லை என்றது. ஆனால் அந்த வாக்குமூலத்தை ஏற்றுத் தூக்கை உறுதி செய்தது!

அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் இந்தப் படத்தில் பேசினார். பேட்டரி எதற்கென்று தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதவில்லை என்றார். 2017-ல் அதைப் பிரமாணப் பத்திரமாகவும் தந்தார்.

2014-ல் தூக்கு ஆயுளானது, 2022 மே 18-ல் விடுதலை. இரண்டு முறையும் கோர்ட் பார்த்தது மனுக்கள் கிடப்பில் கிடந்த தாமதத்தை. விட்டுப்போன வரியை அல்ல. குற்றவாளி என்ற தீர்ப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.